செவ்வாயில் அடித்த வெள்ளி

மான் தப்பிவிட்டது.
கோட்டை வாசலடியில் இரவு குறுக்கே பாய்ந்து
எமல்டா மிஸ்ஸின் காரில் முட்டி
திரும்பப் புல்லுக்கே போய்விட்டது.
எங்களிடம் வந்து சேர்ந்தவை
பம்பர், பொனட், இடப்பக்க மட்காட்.

பம்பரைச் செவ்வாயில் அடித்தோம்.
கச்சான் காற்று. கூரைத் தகரம் படபடக்க
துப்பாக்கி வாயை விட்ட பெயின்ட்
பிளாஸ்டிக்கைத் தொடுமுன்னே பாதி காய்ந்துவிட்டது.
பொனட்டைப் புதனில், மேசையில் கிடத்தி.
மட்காட்டை வியாழன், மழை விட்ட பின்னேரம்,
கம்பியில் தொங்கவிட்டு நிஸ்பார் அடித்தான்,
கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று
ஈரம் வழிய வழிய.

ஒரே டின். ஒரே துப்பாக்கி.
தின்னர்கூட ஒரே போத்தல்.

வெள்ளி காலை பூட்டினோம்.
டியூப் லைட்டின் கீழே ஒரு கார்.
வெளியே உருட்டியதும்
அனுராதபுரச் சந்தி வெயில்
அதைப் பிரித்து வைத்தது.
பம்பர் சுண்ணாம்பு கலந்ததுபோல் வெளுத்து நிற்க,
பொனட் சூடை மீனின் வயிறு.
மட்காட்டை நான் சொல்லவே மாட்டேன்.
நேரே நின்றால் ஓரளவு சேரும்.
நாலடி தள்ளிப் பக்கவாட்டில் பார்த்தால்
ஒன்றையொன்று தெரியாததுகள்.

நிஸ்பார் டின்னைத் திட்டினான்.
நான் நிஸ்பாரை.
முதலாளி இரண்டு பேரையும்.

சூடு ஆறிய பிறகுதான் யோசித்தேன்:
டின்னுக்குள் இருப்பது அரைத்த அலுமினியம்,
கண்ணுக்குத் தெரியாத செதில்கள்.
விழுகிற செதில் எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கிறதோ
அந்தப் பக்கம்தான் மினுங்கும்.
காய்ந்து விழுந்தவை மேலேயே தங்கிவிட்டன.
ஈரத்தில் விழுந்தவை அமிழ்ந்து, சரிந்து, இருண்டு போயின.

அதோடு டின்னில் இருந்தது
தொழிற்சாலையின் வெள்ளி.
இந்தக் காரில் இருப்பதோ
பதினொரு வருசம் நிலாவெளி உப்பில் நனைந்து
பிள்ளைப்பேற்று வீடுகளின் வாசல் வெயிலில்
காத்துக் காத்து வெளிறிய வெள்ளி.

எண்ணெய் மூடியைக் கழற்றினேன்.
உள்ளங்கை அகலம்.
அதற்காகக் கலந்தேன்:
கறுப்பு ஒரு துளி,
மஞ்சள் துளியிலும் கால்வாசி.
அட்டையில் அடித்து, கிளியர் பூசி, காயவிட்டு,
வாசலுக்கு ஓடி வெயிலில் சரித்து,
திரும்ப உள்ளே வந்து நிழலில் சரித்து
பதினாறு அட்டை.
பதினேழாவதை மூடியின் மேல் வைத்தேன்,
அட்டையைக் காணவில்லை.

மூன்றையும் தேய்த்தோம். பக்கத்தில் பக்கத்தில் கட்டினோம்,
காரில் எப்படி நிற்குமோ அந்தச் சரிவில்.
ஒரு பின்னேரம், ஒரு காற்று, ஒரு கை.
நிஸ்பார் அமுக்கமானியையே பார்த்துக்கொண்டு
இரண்டு பஸ்ஸை விட்டான்.

அப்படியும் கதவோரம் ஒரு கோடு.
அடிபடாத கதவு. ஒரு கீறல் இல்லை.
அதன்மேலும் அடிக்கத்தான் வேண்டும்,
ஓரத்தில் நிறைய, போகப்போகக் கொஞ்சம்,
கைப்பிடிக்கு முன்னால் வெறும் மூச்சளவு.
“கதவுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”
முதலாளிக்குப் பெயின்ட் விலை.
“நடக்கேல்லை,” என்றேன். “பக்கத்தில நிக்குதெல்லே.”

திங்கள் எமல்டா மிஸ் வந்தார்.
முன்பக்கம் மூன்று தரம் நடந்தார்.
குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான் காரைப் பார்க்கவில்லை, அவருடைய கண்ணையே பார்த்தேன்.
அது ஓரிடத்திலும் தடுக்கவில்லை,
பம்பரிலிருந்து கதவு வரை வழுக்கிப் போனது.
காசைத் தந்தார்.
மானுக்கு என்ன ஆச்சுதோ என்றார். ஏறிப் போனார்.

சந்தியில் கார் திரும்பும்போது
பின்பக்கத்தில் ஒரு கறுப்பு ஓட்டை.

சட்டைப் பையைத் தொட்டேன்.
மூடி சுட்டது.